முட்டை போடாத மினுமினுப்பு: வாசகர் கேள்வி – பதில்

மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தியோத்திவாக்கான் பற்றிய படங்கள் சென்ற இதழில் வந்தன. கி.மு. 100 வாக்கில் பெருகத் தொடங்கி, கி.பி. 550-ஐ ஒட்டித் தீக்கிரையாகி ஓய்ந்த பெருநகரம் அது. நல்ல காலத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். செட்டிநாட்டுப் பக்கத்துக் கடிதங்களில் பிரமிடைக் கேட்டவர்கள் கொஞ்சம். சுவரையும் தரையையும் கேட்டவர்கள்தான் அதிகம். எங்களுக்கு அதில் மகிழ்ச்சியே.

கே: எங்கள் ஐயா கட்டிய வீட்டில் வளவுச் சுவர், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய சுவர், இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, தொட்டால் சில்லென்கிறது. தியோத்திவாக்கான் சுவரும் அப்படிப் பளபளக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களும் முட்டை போட்டார்களா? (பள்ளத்தூர் வாசகி)

ப: இல்லை. கோழியே அந்த நாட்டுக்கு ஸ்பானியர்களோடுதான் போனது. வான்கோழி இருந்தது. ஆனால் அங்கே மினுமினுப்புக்குக் காரணம் முட்டையல்ல, தேய்ப்பு.

சுவரின் உள்ளுடம்பு கல்லும் மண்ணும், அல்லது பச்சைச் செங்கல். அதன்மேல் முரட்டுப் பூச்சு. இதற்குத் தெசோந்த்லே என்ற எரிமலைக் கல்லை இடித்துப் போட்டார்கள். பார்க்க நம் செம்புறாங்கல் போலச் சிவந்து, துளை துளையாக இருக்கும். கையில் எடுத்தால் அதைவிட லேசு. துளைகளுக்குள் சாந்து புகுந்து பிடித்துக்கொள்ளும். இந்தப் பூச்சு காய்ந்த பிறகு நனைத்துவிட்டு, சில மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும் நைசான சுண்ணாம்புப் பூச்சு. அதில் எரிமலை மணலைக் கலந்தார்கள். அந்த மணல் சேரவில்லை என்றால் சுண்ணாம்பு தண்ணீர் வற்றும்போது சுருங்கி, மயிரிழை வெடிப்பாகக் கோலம் போட்டுவிடும். மணல் அதிகமானால் மேற்பரப்பு சொரசொரத்து, தேய்த்தாலும் மெருகு ஏறாது. பூச்சை ஏன் இவ்வளவு மெல்லியதாக வைத்தார்கள் என்றால், கனமாகப் போட்ட சுண்ணாம்பு வெளியே காய்ந்து உள்ளே பச்சையாகவே கிடக்கும்.

பிறகு கைப்பிடி வைத்துச் செதுக்கிய தேய்ப்புக் கல். நகரின் இடிபாடுகளில் இவை நிறையக் கிடைக்கின்றன. ஈரம் போகுமுன் அழுத்தித் தேய்த்து, நிறம் தீட்டி, மறுபடியும் தேய்ப்பார்கள். நிறம் மேலே ஒட்டிக்கொண்டு நிற்காமல் சுண்ணாம்புக்குள்ளேயே அமுங்கிவிடுகிறது. சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கித் திரும்பக் கல்லாகும்போது நிறத்தையும் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது. நேரம்தான் சூட்சுமம். சீக்கிரம் தேய்த்தால் கல்லோடு பூச்சும் இழுபட்டு வரும். தாமதித்தால் கீறல்தான் மிஞ்சும். உங்கள் ஊர்க் கொத்தனார்கள் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பார்களே, தடம் விழவேண்டும், விரலில் ஒட்டக்கூடாது என்று, அதே பதம்தான்.

நம் வீடுகளில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பல பூச்சு போட்டு, கடைசிப் பூச்சில் வெள்ளைக்கருவைக் கலந்து கூழாங்கல்லால் தேய்த்தார்கள். வெள்ளைக்கரு சுண்ணாம்பை இழைவாக்கி, தேய்ப்பதற்கு அவகாசமும் தருகிறது. அந்த வசதி இல்லாமல் இவ்வளவு செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் அவர்கள் கைக்கு ஒரு படி அதிகம் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் கிடையாது, எல்லாம் எரிமலைப் பாறை. சுண்ணாம்பு வந்தது சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, தூலா வட்டாரத்திலிருந்து. மாடு, குதிரை, வண்டி எதுவும் இல்லை; நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் சுமந்தார்கள். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைக் காளவாசலில் வேகவைத்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் நிற்கும், மீதி வாயுவாகப் போய்விடும். ஆகவே கல் கிடைக்கும் இடத்திலேயே சுட்டுக்கொண்டு வந்தால் சுமை பாதியளவுக்குக் குறையும். வழியில் மழை பிடித்தால் மட்டும் சுமப்பவர் முதுகு வெந்துபோகும்.

கே: நாங்கள் ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்கள். அந்தச் சுவர்ப் படங்களில் எங்கே பார்த்தாலும் சிவப்பாக இருக்கிறதே, வேறு நிறம் கிடைக்கவில்லையா? (ஆத்தங்குடி வாசகர்)

ப: கிடைத்தது. பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் உண்டு. ஆனால் நீங்கள் கண்ணாடிமேல் ஊற்றும் கலவையில் ஏன் ஆக்சைடு நிறத்தை மட்டும் கலக்கிறீர்களோ, அதே காரணம்தான் அங்கும். ஈரச் சுண்ணாம்பு கடுமையான காரம். செடிச் சாயங்கள் அதில் ஒரே நாளில் செத்துப்போகும். நிற்பவை கனிமங்கள்: சிவப்புக்கு ஹெமடைட், அதாவது இரும்பு ஆக்சைடு, உங்கள் காவிச் சிவப்பின் ஒன்றுவிட்ட அண்ணன், பச்சைக்கு மாலகைட் என்ற செம்புத் தாது.

ஒரே ஹெமடைட்டிலிருந்து இரண்டு மூன்று சிவப்பு எடுத்திருக்கிறார்கள். நைசாக அரைத்தால் பளிச்சென்ற சிவப்பு, கொஞ்சம் முரடாக விட்டால் ஊதா ஓடிய கருஞ்சிவப்பு. தகடு தகடாக மின்னும் ஹெமடைட் வகையையும் கலந்தார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் சுவர் முழுக்கப் பொடி மினுக்கம் தெரியும். சிவப்பின் மேலேயே இன்னொரு சிவப்பில் உருவம் எழுதுவது இவர்கள் பாணி. பட்டப்பகலில் நேராகப் பார்த்தால் பாதி தெரியாது. புகைப்படத்தில் ‘மங்கிப் போயிருக்கிறது’ என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு வேண்டுமென்றே செய்தது.

தெபந்தித்லா வளாகத்துச் சுவரை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு மலையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கீழே விரல் உயரத்தைவிடச் சற்றுப் பெரிய மனிதர்கள் ஓடுகிறார்கள், மட்டையால் பந்தடிக்கிறார்கள், வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. வாய்க்கு முன்னால் காற்புள்ளி போல ஒரு சுருள் இருந்தால் அந்த ஆள் பேசுகிறார் என்று பொருள். ஒருவர் மட்டும் கையில் இலைக் கொப்போடு, கண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறார். அவர் வாயிலிருந்து சுருள் சுருளாக வந்துகொண்டே இருக்கிறது. இது மழைத் தெய்வத்தின் சொர்க்கம் என்று 1942-இல் மெக்சிகோ தொல்லியலாளர் அல்போன்சோ காசோ விளக்கினார். ஆயிரம் வருஷம் கழித்து வந்த அஸ்டெக்குகளின் கதையை வைத்துச் சொன்ன விளக்கம் அது. இன்று பலர் அதை அப்படியே ஏற்பதில்லை, நாங்களும்தான். அழுகிறவருக்குச் சொர்க்கத்தில் என்ன வேலை?

கே: அத்தனை பேரும் எங்கே குடியிருந்தார்கள்? பிரமிடுக்குள்ளேயா? (காரைக்குடி வாசகர்)

ப: பிரமிடுக்குள் யாரும் குடியிருக்கவில்லை. வீடுகளைப் புரிந்துகொள்ளக் காரைக்குடிக்காரருக்குப் பாடமே வேண்டாம். வளவு, கட்டு (வீட்டின் அடுத்தடுத்த பகுதி), புள்ளி (கூட்டு வீட்டில் கல்யாணமான ஒருவரின் தனிக் குடும்பம்) என்ற மூன்று சொல் போதும்.

தொல்லியலாளர் ரெனே மில்லனின் குழு 1962-இல் தொடங்கி நகரம் முழுவதையும் நடந்தே அளந்து 1973-இல் வரைபடம் வெளியிட்டது. 2,000-க்கும் மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் அதில் தெரிந்தன. பலவும் பக்கத்துக்கு 60 மீட்டர் அளவில் சதுரமானவை. வெளிச்சுவரில் ஜன்னல் கிடையாது. ஒன்றிரண்டு வாசல், உள்ளே போனால் வானம் பார்த்த முற்றங்கள், அவற்றைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும், நடு முற்றத்தில் சிறு பலிபீடம். ஒரு வளாகத்தில் 60 முதல் 100 பேர் வரை. தெருக்களும் சுவர்களும் ஏறக்குறைய ஒரே திசைக்கட்டு: வடக்கிலிருந்து 15½ பாகை கிழக்கே சாய்ந்திருக்கும்.

லிண்டா மன்சனில்லா தோண்டிய ஓஸ்தோயவால்கோ வளாகத்தில் மூன்று குடும்பங்கள் இருந்தது தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்படி, தனிக் களஞ்சியம், தனி முற்றம். கூரைக்கட்டு பொது, உலை தனி. கல்யாணமான மகனுக்குப் புள்ளி பிரித்துவிடுகிற நம் முறையை அப்படியே நினைவூட்டுகிறது. எது அடுப்படி என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தரையைச் சுரண்டி ரசாயனச் சோதனை செய்தார்கள். சாப்பாடு சிந்தும் இடத்துத் தரையில் பாஸ்பேட் ஏறியிருக்கும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைப்பது அவர்கள் வழக்கம். அப்படி வேகவைத்த இடத்தில் கார்பனேட் ஏறியிருக்கும். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன் சிந்தியதைத் தரை மறக்கவில்லை.

முற்றத்து மழைநீருக்குத் தரைக்கடியில் கல் வடிகால். கட்டும்போதே வாட்டம் பார்த்துப் போட்டுவிட வேண்டியது, ஏனென்றால் பிறகு மாற்ற வேண்டுமானால் தரையை உடைக்க வேண்டும். வளவு வடிகால் அடைத்துக்கொண்டு அவதிப்பட்டவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. தரைக்கடியில் இறந்தோரையும் புதைத்தார்கள், அதில் மட்டும் நமக்கும் அவர்களுக்கும் ஒத்துவராது.

வெளியூர்க்காரர்களுக்கும் தனிப் பேட்டை இருந்தது. தென் மெக்சிகோவின் ஒஹாகா வட்டாரத்திலிருந்து வந்து நகரின் மேற்கு ஓரத்தில் குடியேறியவர்கள் பல தலைமுறைக்குப் பிறகும் தங்கள் ஊர்ப் பாணியில் கல்லறை கட்டி, தங்கள் ஊர்ப் பானையை வனைந்துகொண்டிருந்தார்கள். பர்மாவில் கிட்டங்கி (தொழிலும் தங்கலும் சேர்ந்த இடம்) வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது வியப்பாக இராது.

கே: படங்களில் சாய்ந்த சுவர்மேல் சட்டம் போட்ட பலகை மாதிரி ஒன்று முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. அது கீழே விழாமல் எப்படி நிற்கிறது? (தேவகோட்டை வாசகர், கட்டட வேலை)

ப: சரியான கேள்வி. கீழே சாய்வை ‘தாலூத்’ என்றும், மேலே சட்டமிட்ட செங்குத்துப் பரப்பை ‘தப்லேரோ’ என்றும் சொல்வார்கள். தப்லேரோ சாய்வின் மேல்விளிம்பைத் தாண்டி வெளியே வருவதால் அடியில் தாங்கல் வேண்டும். அதற்குத் தட்டையான ஆண்டசைட் பலகைக் கற்களைப் படுக்கைவசமாக வைத்து, பெரும்பகுதியை உள்ளே செருகி, நுனியை மட்டும் வெளியே விட்டார்கள். வால் பக்கத்தில் உள்கட்டின் பாரம் ஏறி அமுக்கிக்கொள்ளும். ஜன்னல்மேல் சஜ்ஜா போடும்போது நீங்கள் பார்க்கும் கணக்குத்தான், கம்பி இல்லாமல். நுனிமேல் சட்டத்தின் அடிப்பகுதி, பிறகு உள்வாங்கிய பரப்பு, மேலே மறுபடி சட்டம். எல்லாம் முடிந்தபின் சுண்ணாம்புப் பூச்சு கல்லை மறைத்துவிடும்.

பலகைக்கல் ஒன்று முறிந்தால் அந்த நீளத்துக்குச் சட்டம் மொத்தமாக இறங்கும். இடிபாடுகளில் சாய்வு மட்டும் மிஞ்சி மேல்பகுதி காணாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கே: அங்கே சுரங்கத்தில் பாதரசம் கிடைத்ததாமே, கண்ணாடிக்கு ரசம் பூசவா? எங்கள் முகப்பிலுள்ள பெல்ஜியம் கண்ணாடிகள் ரசம் போய்க் கிடக்கின்றன, அதனால் கேட்கிறேன். (கானாடுகாத்தான் வாசகி)

ப: கேள்வி சுவையாக இருக்கிறது, பதில் ‘இல்லை’ என்பதுதான். 2003-இல் பெருமழையில் இறகுப் பாம்புப் பிரமிடின் முன் தரை உள்வாங்கி ஒரு குழி விழுந்தது. செர்ஹியோ கோமெஸ் என்ற தொல்லியலாளர் கயிறு கட்டி இறங்கிப் பார்க்க, 100 மீட்டருக்கு மேல் நீளும் சுரங்கம் தெரிந்தது. பழங்காலத்திலேயே மண்ணும் கல்லும் கொட்டி அடைத்திருந்தார்கள். தோண்டத் தோண்ட சங்கு, ரப்பர்ப் பந்து, பச்சைக்கல் சிலைகள் வந்தன. 2015-இல் நீர்மப் பாதரசம் கிடைத்ததாக அறிவித்தார்கள். சின்னபார் என்ற சிவப்புத் தாதுவைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் பிரியும், ஆறவிட்டுப் பிடித்துக்கொள்ளலாம். பாதாள உலகத்து நீர்நிலையாக அதை ஊற்றி வைத்தார்கள் என்பது கோமெஸ் தரும் விளக்கம். சுரங்கச் சுவரில் பைரைட் பொடியையும் தூவியிருந்தார்கள், தீப்பந்தம் காட்டினால் நட்சத்திரம் போல மின்னும்.

கண்ணாடி செய்ததும் அந்தப் பைரைட்டில்தான். பைரைட்டைச் சிறு சிறு தகடுகளாக அறுத்து, இடுக்கு தெரியாமல் பொருந்தும்படி ஓரங்களைத் தேய்த்து, வட்டமான பலகைக்கல்லில் பசை வைத்து ஒட்டி, முகத்தை மெருகிடுவார்கள். அன்று முகம் தெரிந்தது. இன்று அருங்காட்சியகத்தில் பார்த்தால் பழுப்பேறிய துருவட்டம். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் ஈரக்காற்றில் சிதைந்துவிடும். உங்கள் கண்ணாடி பரவாயில்லை, ரசம் போனாலும் கண்ணாடியாவது மிச்சம். அதைத் துடைக்கும்போது ஈரத்துணியை விளிம்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பின்பக்கம் தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான்.

கே: எங்கள் வீட்டில் சுவர் உப்புப் பூத்துப் பொரிகிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் நின்றுவிடும் என்கிறார்கள். பழைய ஓவியச் சுவர்களுக்கு மெக்சிகோவில் என்ன செய்கிறார்கள்? (கோட்டையூர் வாசகர்)

ப: தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்தத் தவறை அவர்கள் முன்பே செய்து பார்த்துவிட்டார்கள்.

சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் மெக்சிகோவின் பல பழஞ்சுவர்களுக்கு அக்ரிலிக், வினைல் பிசின்களைப் பூசினார்கள். பூசிய அன்று நிறம் தூக்கலாகத் தெரியும், எல்லாருக்கும் திருப்தி. ஆனால் சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். தரையிலிருந்தும் கூரையிலிருந்தும் ஏறும் ஈரம் மேற்பரப்பு வழியாக ஆவியாக வேண்டும். பிசின் படலம் அதை மறித்தது. ஈரத்தில் கரைந்திருந்த உப்பு படலத்துக்குப் பின்னாலேயே படிகமாகி, இடம் போதாமல் தள்ளியது. படலம் உரிந்தபோது ஓவியத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

இதற்கு மாற்றாக இத்தாலியின் புளோரன்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் ஆல்கஹாலில் மிதக்கும் மிக நுண்ணிய சுண்ணாம்பைப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். கலக்முல் என்ற பழைய மாயன் நகரத்து ஓவியங்களுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து என்று சொல்லவேண்டிய முறை: உள்ளே இறங்கி, காற்றுப் பட்டுக் கல்லாகி, உதிர்ந்த நிறத்தைப் பிடித்துக்கொள்ளும், துளைகளை அடைக்காது. சோலுலா என்ற இன்னொரு மெக்சிகோ ஊரில் பழைய பிசினைக் கரைத்தெடுக்கவே தனி வேலை நடந்தது.

உங்கள் வீட்டில் முதலில் கூரை ஓடுகளையும் வளவு வடிகாலையும் பாருங்கள். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் சுவரில் கை வைப்பது வீண். பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, கீழே விழுவதைத் தாளில் பிடித்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டொப்’ என்று பொக்கையாகக் கேட்கும் இடத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் வட்டமிடுங்கள், அந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும். ஒட்டுப்போட சிமெண்ட் கூடாது. அது சுண்ணாம்பைவிடக் கடினம், ஈரத்தை விடாது, கூடவே தன் உப்பையும் கொண்டுவரும். ஊறிய சுண்ணாம்புச் சாந்து, நன்றாக நனைத்த அடிச்சுவர், மெல்லிய பூச்சு. ஒன்று காய்ந்தபின் அடுத்தது. முட்டைப் பூச்சு தெரிந்த கை கிடைக்கும்வரை கடைசிப் பூச்சைப் போடாமல் வைத்திருந்தாலும் தப்பில்லை.

கே: சூரியப் பிரமிடில் ஒரு அடுக்கே போலி என்கிறார்களே? (புதுவயல் வாசகர்)

ப: அப்படித்தான். சுமார் 65 மீட்டர் உயரமும் பக்கத்துக்கு 220 மீட்டருக்கு மேல் அகலமும் உள்ளது அது. 1910-இல் விடுதலைப் போரின் நூற்றாண்டு விழாவுக்குள் காட்டியாக வேண்டும் என்று லெயோபோல்தோ பாத்ரெஸ் 1905-இல் தோண்டத் தொடங்கினார். உள்ளே இன்னொரு பிரமிடு வெங்காயத் தோல் போல இருக்கும் என்று நம்பி, மேற்பரப்பைச் சில மீட்டர் ஆழத்துக்கு வெட்டியெடுத்தார். உள்ளே இருந்தது மண்ணும் கல்லும்தான். மழையில் கரைய ஆரம்பித்தது. இருப்பதைக் காப்பாற்ற அவசரமாகக் கட்டியதில் நான்கு அடுக்கு ஐந்தாகிவிட்டது. அவர் தேடிய வெங்காயம் நிலாப் பிரமிடில் இருந்தது: சபூரோ சுகியாமா, ரூபென் கப்ரேரா குழு 1998 முதல் 2004 வரை சுரங்கம் வெட்டிப் பார்த்து, ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு கட்டங்களைக் கண்டது.

கே: இது நம் கீழடிக் காலமா? (சிவகங்கை, கல்லூரி மாணவி)

ப: தொடக்கத்தில் கீழடி மூத்தது. அங்கே கிடைத்த கரித்துண்டுகளில் ஒன்றின் காலம் கி.மு. 580 வரை போகிறது. கீழடியின் கடைசிக் கட்டமும் தியோத்திவாக்கானின் முதல் கட்டமும் ஓரளவு ஒன்றின்மேல் ஒன்று விழும். ஒப்பிட வேண்டிய இடம் வேறு. கீழடிப் பானை ஓட்டில் ஆதன், குவிரன் என்று சாமானியர் பெயரைத் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறியிருக்கிறார்கள், இன்று நீங்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். ஒரு லட்சம் பேர் வாழ்ந்த தியோத்திவாக்கானில் ஒருவர் பெயரைக்கூட நாம் உறுதியாக வாசித்ததில்லை. சில குறியீடுகள் உண்டு, வாசிப்பு இல்லை. ஊரின் இப்போதைய பெயரே அஸ்டெக்குகள் பிற்காலத்தில் வைத்தது. அந்த நகரத்தோடு தொடர்புள்ளவர்கள் என்று கருதப்படும் சிலரின் பெயர் கிடைப்பது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, மாயன் கல்வெட்டுகளில்: கி.பி. 378-இல் டிக்கால் நகருக்கு வந்த சியாக் காக் அவர்களில் ஒருவர்.

செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டிய கீழடி அருங்காட்சியகம் 2023-இல் திறந்தது, உங்களுக்குப் பக்கம்தான். ஓடுகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும்போது, கீறல் சுடுவதற்கு முன் போட்டதா பின் போட்டதா என்று கவனியுங்கள். பின்னால் போட்டதில் ஓரம் சில்லு பெயர்ந்திருக்கும்.

கே: மகன் அமெரிக்காவில் இருக்கிறான், அப்படியே மெக்சிகோ போகலாம் என்கிறான். எதைப் பார்ப்பது? (கொத்தமங்கலம் வாசகி)

ப: மெக்சிகோ நகரின் வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட ஊட்டி. முதல் நாள் மூச்சு வாங்கும், வெயிலும் தெரியாமல் சுடும். தலைக்குத் துணி, கையில் தண்ணீர். பிரமிடுகளில் ஏறுவதற்குக் கட்டுப்பாடு உண்டு, ஏற முடியாவிட்டால் இழப்பில்லை. ஓவியம் பார்க்க வேலிக்கு வெளியே உள்ள தெபந்தித்லா, தெத்தித்லா, அத்தெதெல்கோ வளாகங்களுக்குத்தான் போகவேண்டும். பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் அங்கே நிறுத்துவதில்லை, ஓட்டுநரிடம் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சுவர்களில் சாந்து இணைப்பை உற்றுப் பாருங்கள். சிறு கற்களை வரிசையாகப் பதித்திருந்தால் அது இக்காலத்தில் மீட்டுக் கட்டியது. பதிக்காமல் வெறுமனே இருந்தால் பழையது, அங்கே கைப்பையை உரசாமல் தள்ளி நில்லுங்கள்.